பொற்காலம் திறப்பு விழா

பதினைந்தடி உயரத்தில் நின்றுகொண்டு அந்த மணப்பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நெற்றிச்சுட்டி, ஜிமிக்கி, கழுத்தில் தொடங்கி இடுப்பு வரை இறங்கும் காசுமாலை, முழங்கை வரை வளையல். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சபைக்குக் கட்டிய வெள்ளைப் புடவையோடு எங்கள் வாசகசாலை முன்னால் வந்து இறங்கினேன். கட்டடத்தின் பாதியை அவள் மறைத்திருந்தாள். அவள் தலைக்கு மேல் மஞ்சள் எழுத்தில் 'பொற்காலம்'. காலடியில் அதைவிடப் பெரிய எழுத்தில் 'நம்பிக்கை'. அதற்கும் கீழே 'திறப்பு விழா. அனைவரும் வருக.'

சாலையை அடைத்துக்கொண்டு ஊரே நின்றது.

ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தென்னைகளைத் தலைமுடி போலப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டி வந்த லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. ஏதோ விபத்து என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் விபத்தைப் பார்க்க யாரும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வரமாட்டார்கள்.

லாரிகளை ஒதுக்கிக்கொண்டிருந்த போலீஸ்காரர் என்னிடம் வந்தார்.

"சேச்சி, நடி எப்ப வரும்?" என்றார். மலையாளத்தில் நடி என்றால் நடிகை.

"எந்த நடி?" என்றேன்.

அவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு தலையை அண்ணாந்து மணப்பெண்ணைக் காட்டினார்.

முதலில் சில விளக்கங்கள்

சென்ற வாரம் என் கல்யாணச் சமையலைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, என் கணவரின் உறவினர்கள் மூன்று பேர் போனில் கூப்பிட்டு வருத்தப்பட்டார்கள். ஆகவே இந்த வாரப் பத்தியில் உறவினர்கள் வரமாட்டார்கள். என் அப்பா மட்டும் வருவார். அவர் இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: என் பெயர் எஸ்தர். பிறந்து வளர்ந்தது இடுக்கியில், சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில். வாழ்க்கைப்பட்டது கிழக்குப் பாலக்காட்டில், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தரும் டேனியலுக்கு. அவர் வாத்தியார் என்பதால் ஊரார் என்னை டீச்சர் என்பார்கள். நான் யாருக்கும் எதுவும் சொல்லித்தந்ததில்லை. ஊர் வாசகசாலையைப் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

வாசகசாலையில் இரண்டு அறைகள். முன் அறையில் ஜன்னல் உண்டு, மின்விசிறி உண்டு, தமிழ்ப் புத்தகங்கள் உண்டு. பின் அறையில் உடைந்த நாற்காலிகளும், தோல் கிழிந்த ஒரு மேளமும், எலிகளும் உண்டு. கமிட்டித் தலைவர் வேலுச்சாமியண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது: முன் அறையில் கேரம்போர்டு போடலாம், புத்தகங்களைப் பின் அறைக்கு மாற்றலாம்.

வேலுச்சாமியண்ணன் நல்ல மனிதர். பெரிய தென்னந்தோப்புக்காரர். படிப்பதென்றால் போனில் வரும் கொப்பரை விலை மட்டும்தான் படிப்பார்.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர்," என்றார். "ஒரு நாளைக்கு எத்தன பேருங்க வர்றாங்க?"

"சில பேர் வர்றாங்கண்ணே."

"அந்தச் சில பேர்ல நீங்களும் வாத்தியாரும் சேத்திங்களா?"

நான் வருகைப் பதிவேட்டை மெல்ல மூடினேன். அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"ஒண்ணு பண்ணுங்க. ஒரு விழா வையுங்க. நானே வந்து தெறந்து வெக்கறேன். கூட்டம் வந்துதுன்னா முன் ரூம் புஸ்தகத்துக்கே. வரலீன்னா கேரம்போர்டுக்கு. சரிதானுங்களே?"

எலிகளுக்கு என்ன புத்தகம் பிடிக்கும் என்று அன்று மாலை முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாரிடமும் ஒரு பொற்காலம்

விழா என்றால் அதற்கு ஒரு பொருள் வேண்டும். அலமாரிகளைத் தூசி தட்டும்போது அது தானாக வந்து மாட்டியது.

சரித்திரப் புத்தகம் ஒன்று, ஆயிரம் வருடத்துக்கு முன்னால் மக்கள் கதவைத் திறந்துபோட்டு உறங்கினார்கள் என்றது. பக்கத்திலிருந்த விஞ்ஞான நாவல், இன்னும் முந்நூறு வருடத்தில் வீடுகளுக்குக் கதவே இருக்காது என்றது. ஜோதிடப் புத்தகம் குருப்பெயர்ச்சி வரை பொறுத்துக்கொள்ளச் சொன்னது. உடம்பு இளைக்கும் வழி சொன்ன புத்தகம், சர்க்கரையை விட்டால் போதும், வாழ்க்கையே மாறிவிடும் என்று சத்தியம் செய்தது. தென்னை வளர்ப்புக் கையேடு மரம் காய்க்கும் ஏழாம் வருடத்தைக் காட்டியது. சமையல் புத்தகத்தின் முன்னுரைகூட, அம்மிக்கல் இருந்த காலத்துச் சட்னியை நினைத்துக் கண்கலங்கியது. ஒரு காதல் நாவலில் அவன் திரும்பி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருத்தி கடைசிப் பக்கம் வரை ஜன்னலில் நிற்கிறாள். அவன் வரவில்லை. ஆனாலும் அவள் ஜன்னலைச் சாத்தவில்லை.

ஒன்றோடொன்று முகம் கொடுத்துப் பேசாத புத்தகங்கள். எல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன. நல்ல காலம் ஒன்று இருந்தது, அல்லது வரப்போகிறது. இப்போது மட்டும் இல்லை.

எல்லாவற்றையும் இழுத்து ஒரே அலமாரியில் அடுக்கினேன். 'போனது' இடப் பக்கம். 'வரப்போவது' வலப் பக்கம். நடுத்தட்டில் 'இப்போது' என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டு, இதுதான் பொற்காலம் என்று சொல்லும் ஒரு புத்தகத்தைத் தேடித் தேடி அலுத்தேன். கடைசியில் பால் சங்கத்தின் ஆண்டறிக்கை ஒன்றுதான் அகப்பட்டது. அதை வைத்தேன்.

எங்கள் செயலாளர் உண்ணி மாஷுக்கு இது பொறுக்கவில்லை. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எந்தப் புத்தகம் எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்பதில் ஆசாரம் பார்ப்பவர்.

"எந்தா எஸ்தரே இது? ஜோசியமும் சரித்திரமும் ஒரே தட்டிலயோ?"

"ரெண்டும் ஒரே விஷயத்தத்தான சொல்லுது, மாஷே."

"சரித்திரக்காரனுக்கு அது தெரிஞ்சா கேஸ் கொடுப்பான்," என்றார். சொல்லிவிட்டு, தென்னை வளர்ப்புக் கையேட்டை மட்டும் ஒரு அங்குலம் தள்ளி வைத்தார். காதல் நாவலின் மேல் அது சாய்ந்திருந்ததாம்.

அப்பாவின் மூன்று புத்தகங்கள்

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் தம்பி மகனின் ஞானஸ்நானத்துக்காகச் சின்னக்கானல் போக வேண்டி வந்தது. இந்தப் பயணம் இல்லாவிட்டால் அந்த மணப்பெண்ணை முன்கூட்டியே பார்த்திருப்பேன்.

அப்பா இப்போது தம்பியோடு இருக்கிறார், எஸ்டேட் லயத்தில், வரிசை வீடுகளில் கடைசி வீடு. அடுப்புக்கு மேலே ஒரு பலகை. அதில் அவருடைய புத்தகங்கள் மூன்று. மூன்றும் புகை நாற்றமும் தேயிலை வாசமும் கலந்து அடிக்கும்.

ஒன்று சபையில் கொடுத்தது. நீதியின் ராஜ்யம் சீக்கிரம் வரும் என்று சொல்வது. இன்னொன்று யூனியன்காரர்கள் கொடுத்தது. தொழிலாளியின் காலம் சீக்கிரம் வரும் என்று சொல்வது. மூன்றாவது எப்போதோ ஒரு மேனேஜர் விட்டுவிட்டுப் போன தேயிலைக் கையேடு. செடியை ஒழுங்காகக் கவாத்து செய்து வெட்டிவிட்டால் அடுத்த கொழுந்து பொன்னாக வரும் என்று சொல்வது. அப்பா மூன்றையும் மாற்றி மாற்றிப் படித்தே ஆயுளில் பாதியை ஓட்டிவிட்டார். விழா அலமாரிக்கு அவற்றைக் கேட்டேன்.

"இத மூணையும் ஒண்ணா வைக்கப் போறியாட்டி?" என்றார்.

"ஆமாப்பா. மூணும் நல்ல காலம் வருதுன்னுதான சொல்லுது."

"வருது வருதுன்னுதான் சொல்லுதாவ. எந்த வண்டியில வருதுன்னு ஒருத்தரும் சொல்லக் காணோம்."

புத்தகங்களைத் துண்டில் துடைத்து என் பைக்குள் வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, "மலையில வண்டி லேட்டாத்தான் வரும், பாத்துக்க," என்றார்.

மறையூர், உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பையை மடியில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை ராத்திரி நேராக வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பொள்ளாச்சி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள், நாளைக்குக் கோபாலபுரத்துப் பக்கம் ஒரு நகைக்கடை திறக்கப் போகிறார்கள், பெரிய நடிகை வருகிறாளாம் என்று பேசிக்கொண்டு வந்தார்கள். எங்கள் விழா அன்று போய் இப்படி ஒரு போட்டியா என்று எனக்கு வயிறு எரிந்தது.

மணி கண்ட பொன்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நின்றபடியே பிளெக்ஸ் அடித்த மணிக்குப் போன் போட்டேன்.

"மணி, யாரு இது?"

"நல்லா வந்திருக்குதுங்களா டீச்சர்?"

"பொற்காலம், நம்பிக்கை தரும் நூல்கள்னு எழுதிக் குடுத்தேனே. நூல்கள் எங்க?"

"இருக்குதுங்களே. அந்தப் புள்ள இடுப்புகிட்டப் பாருங்க."

பார்த்தேன். 'தரும்' என்ற சொல்லை வளையல் அடுக்கு விழுங்கியிருந்தது. 'நூல்கள்' ஒட்டியாணத்துக்குப் பின்னால் போய்விட்டது. அதில் கடைசி இரண்டு எழுத்து மட்டும் தப்பி வெளியே நின்றது. 'கள்.'

"பொண்ணு படம் எதுக்குப் போட்டீங்க?"

"பொற்காலம்னீங்க. பொன்னில்லாம எப்படீங்க? அப்பறம் நம்பிக்கைன்னு போட்டாலே அது நகைக்கடைக்குத்தானுங்க. எங்ககிட்ட டிசைன் ரெடியா இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தி, "சின்ன எழுத்தெல்லாம் இப்ப ஆருங்க படிக்கறாங்க?" என்றான்.

அவன் சொன்னது தப்பு. வேலியோரம் ஏழெட்டு ஆண்கள் தனியாக நின்றார்கள். அவர்கள் அந்தச் சின்ன எழுத்தை மட்டும் படித்துவிட்டு, வேறொரு நம்பிக்கையோடு வந்தவர்கள்.

தலைவர் வருகிறார்

அந்த நேரத்தில் வேலுச்சாமியண்ணனின் கார் வந்தது. கஞ்சி போட்ட வேட்டியில் இறங்கியவர் கூட்டத்தைப் பார்த்து அப்படியே நின்றார். கும்பிட்டார். கூட்டம் பதிலுக்குக் கும்பிட்டது. நடிகையை அழைத்து வருபவர் என்று நினைத்திருக்கும்.

"டீச்சர்," என்றார். "நம்மள இத்தன பேரு மதிக்கறாங்கன்னு தெரியாமயே போச்சுங்க."

"அண்ணே, ஒரு நிமிஷம். இந்தக் கூட்டம் வந்து..."

"பேசாதீங்க. எனக்கே கண்ணு கலங்குது."

நான் எப்படிச் சொல்வேன்? முன் அறையைக் கொடுப்பவரும் அவர்தான், பறிப்பவரும் அவர்தான். கூட்டம் வந்தால் அறை நமக்கு என்று சொன்ன வாய் அது. இதோ கூட்டம். வாயை மூடிக்கொண்டிருந்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றியது. அதற்குள் அவர் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்துவிட்டார்.

"சொந்தங்களே! நீங்க இவ்வளவு பேரு வருவீங்கன்னு..."

"நடிகை எப்பங்க வருது?" என்று ஒரு குரல்.

அவர் சிரித்தார், யாரோ கிண்டல் செய்கிறார்கள் என்று. இரண்டாவது குரல் வந்ததும் சிரிப்பு பாதியானது. மூன்றாவது குரலில் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டேன்.

"எல்லாரும் மன்னிக்கணும். இது நகைக்கடை இல்ல. நடிகையும் வரல. இது வாசகசாலை. உள்ள புத்தகம்தான் இருக்கு. பிளெக்ஸ்ல படம் மாறிப்போச்சு."

லாரிகள்கூட ஹாரனை நிறுத்திவிட்டன. வேலியோரத்திலிருந்து ஒருவர் மெதுவாக, "கள்ளாச்சும் உண்டுங்களா?" என்றார்.

கூட்டத்தின் கோபத்தைவிட வேலுச்சாமியண்ணனின் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. திருவிழாவில் பலூன் வெடித்த குழந்தை மாதிரி நின்றார். அப்போது அவர் பார்வை இரண்டாவது வரிசையில் போய் நின்றது. அங்கே மாம்பழ நிறப் பட்டில், இருக்கும் நகையையெல்லாம் போட்டுக்கொண்டு, அவர் மனைவி ருக்மணியக்கா.

"நீ எதுக்கு வந்தே?" என்று கேட்டார். ஒலிபெருக்கி இன்னும் உயிரோடு இருந்ததை நாங்கள் இருவருமே மறந்துவிட்டோம்.

"அந்தப் புள்ளயப் பாக்கலாம்னு வந்தனுங்க."

"நாந்தான் தெறக்கறேன்னு சொன்னேனில்ல?"

"உங்களத்தான் ஊட்டுலயே பாத்துக்கறனுங்களே," என்றார் அக்கா.

சாலை முழுவதும் சிரித்தது. போலீஸ்காரர் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் வேலுச்சாமியண்ணனும் சிரித்துவிட்டார், வேறு வழியில்லாமல்.

காற்று செய்த உதவி

இதற்குமேல் பொறுக்காதது போல ஆடிக் காற்று ஒரே மூச்சாக வந்தது. பிளெக்ஸின் மேல் கயிறு அறுந்தது. மணப்பெண் ஒரு முறை குனிந்து எல்லாரையும் வணங்கினாள். பிறகு கீழ்க் கயிறும் போய், சாலையைத் தாண்டிப் பறந்து, நின்றுகொண்டிருந்த பால் டெம்போவின் மேல் படுத்துக்கொண்டாள். டிரைவர் உள்ளே இருந்து, "எனக்கு ஒண்ணும் தெரியலீங்கோ," என்று கத்தினார்.

கூடவே செம்மண் தூசி. கண்ணைத் திறக்க முடியவில்லை. பட்டுப்புடவைகள் தலையை மூடிக்கொண்டு அருகிலிருந்த ஒரே கதவுக்குள் ஓடின. வாசலில் கட்டியிருந்த ரிப்பனை யாரும் வெட்டவில்லை. அது எத்தனையோ கழுத்துகளில் மாலையாக விழுந்து உள்ளே போய்விட்டது. வேலுச்சாமியண்ணன் கத்தரிக்கோலோடு கடைசியாக வந்தார்.

முப்பது பேருக்கென்று கரைத்த மோரை நீரூற்றி நீரூற்றி எல்லாருக்கும் கொடுத்தோம். வெளியே போக முடியாது. உட்கார இடமில்லை. கண்ணுக்கு முன்னால் இருந்தது ஒரே ஒரு அலமாரி. பார்க்க ஆரம்பித்தார்கள்.

இரண்டு தோப்புக்காரர்கள் தென்னைக் கையேட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஏழாம் வருடத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள். போலீஸ்காரர் யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு உடம்பு இளைக்கும் புத்தகத்தை எடுத்தார். வேலியோரக்காரர்கள் அப்பாவின் யூனியன் புத்தகத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒருவர் உண்ணி மாஷைப் பிடித்தார். "ஏனுங்க மாஷே, போன பொற்காலம் நெசமுங்களா, வரப்போறது நெசமுங்களா?"

மாஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓய்வுபெற்ற பிறகு அவரிடம் யாரும் கேள்வி கேட்டதே இல்லை. "போனதுக்கு ஆதாரம் உண்டு," என்றார். "வரப்போறதுக்கு ஆள் உண்டு." அவருக்கே அது பிடித்துவிட்டது. அன்று இன்னும் நான்கு பேரிடம் சொன்னார்.

ருக்மணியக்கா விஞ்ஞான நாவலைத் தூக்கிப் பார்த்தார். "இதுல என்ன அம்மிணி சொல்லுது?"

"இன்னும் முந்நூறு வருஷம் கழிச்சு நடக்குற கதைக்கா. அப்ப யாரும் சமைக்க மாட்டாங்களாம்."

"ஆருமேவா?"

"யாருமே."

"ஏனம் பாத்திரம் கழுவறது?"

"அதுவும் கெடையாது."

அக்கா கணவரை ஒரு முறை பார்த்தார். புத்தகத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

யாருக்கு வந்த கூட்டம்?

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், "கூட்டம் வந்துதுல்லண்ணே?" என்றேன்.

"அது புஸ்தகத்துக்கு வந்த கூட்டமுங்களா?" என்றார் வேலுச்சாமியண்ணன். நியாயமான கேள்வி.

உண்ணி மாஷ் குறுக்கே புகுந்தார். "அன்னைக்கு எடுத்துட்டுப் போனவங்க திருப்பித் தர வரட்டும். தந்துட்டு வேற புஸ்தகம் கேட்டா, அவங்க வாசகர். இல்லேன்னா கேரம்."

ஒரு வாரம் யாரும் வரவில்லை. நான் பின் அறையை ஒருமுறை பெருக்கிக்கூட வைத்தேன். பெருக்கும்போது கண்ணில் நீர் வந்தது. தூசி என்று டேனியலிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

முதலில் வந்தவர் போலீஸ்காரர். துளியும் இளைக்கவில்லை. புத்தகத்தை வைத்துவிட்டு, "இது சரியாவில்ல சேச்சி. வேற ஏதாவது நம்பிக்கை உண்டோ?" என்றார். ஜோதிடத்தைக் கொடுத்தேன். பிறகு தோப்புக்காரர்கள் வந்தார்கள், தனித்தனியாக. பிறகு வேலியோரக்காரர்கள், மொத்தமாக. பால் சங்கத்துச் செயலாளர் வந்து தங்கள் ஆண்டறிக்கையைத் திருப்பிக் கேட்டார். அதை யாரோ படிக்க எடுத்துப் போய்விட்டார்கள் என்றேன். அவர் முகத்தில் பெருமையும் பயமும் சேர்ந்து வந்தது.

வராதது ருக்மணியக்கா மட்டும். பதிலாக ஒரு நாள் வேலுச்சாமியண்ணன் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"டீச்சர், அந்தப் புஸ்தகம் எத்தன பக்கமுங்க?"

"முந்நூறுக்கு மேல இருக்குண்ணே."

"ஓ. இப்பத்தான் பாதி தாண்டியிருக்கறா." பெருமூச்சு விட்டார். "நேத்து ரசம் அடிப்புடிச்சுப் பத்திப்போச்சுங்க. ரசம் பத்தி நீங்க பாத்திருக்கறீங்களா?"

அந்த வாரமே கமிட்டியில் அவரே பேச்சை எடுத்தார். முன் அறை புத்தகத்துக்கே இருக்கட்டும், அப்போதாவது ஜனங்கள் இங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டு வீட்டுக்கு வருவார்கள் என்றார். கேரம்போர்டு பின் அறைக்குப் போனது.

புரட்டாசி பிறந்த பிறகு ஒரு மத்தியானம் ருக்மணியக்கா புத்தகத்தோடு வந்தார். மேஜைமேல் வைத்தார். முகத்தில் திருப்தி இல்லை.

"புடிக்கலையாக்கா?"

"மொதல்ல நல்லாத்தான் இருந்துது அம்மிணி. போகப் போக ஒருத்தருக்கும் பசிக்கவே மாட்டேங்குது. வேணுங்கறதுக்கு முந்தியே வந்துருது. அப்பறம் மனுசரு ஒருத்தர ஒருத்தரு பாத்து என்னத்தப் பேசுவாங்க? எனக்கு அந்த ஊரு வேண்டாம்." அலமாரிப் பக்கம் போனார். "கொஞ்சம் பசி இருக்கற பொற்காலமாப் பாத்து ஒண்ணு குடு."

நான் சமையல் புத்தகத்தை நீட்டினேன். முகத்தைச் சுளித்தார். காதல் நாவலைக் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் படித்தார், ஜன்னலோரம் உட்கார்ந்தார், அப்புறம் அசையவில்லை.

காப்பி நேரம் தாண்டி வேலுச்சாமியண்ணன் தேடிக்கொண்டு வந்தார். "ஏப்புள்ள, ஊட்டுக்கு வரலியா?"

"இந்தப் பக்கம் முடியட்டுங்க."

அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கம் முடிந்தது. அடுத்த பக்கம் ஆரம்பித்தது. விசிறி மெல்லச் சுற்றியது. அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்தது, வாய் லேசாகத் திறந்தது, கஞ்சி போட்ட வேட்டி விறைப்பாக நிற்க, குறட்டை கிளம்பியது. எழுப்பட்டுமா என்று அக்காவைப் பார்த்தேன்.

புத்தகத்திலிருந்து நிமிராமலே அக்கா சொன்னார்: "உடு அம்மிணி. அவருக்கு இதுதான் பொற்காலம்."